மூன்று பிரதிகளில் ஒரு பள்ளம்

ஒரகடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த அதிகாரிகள் அடிப்படைப் பயிற்சி முகாமில், 1991-ஆம் வருஷம் ஆடி மாதம் வரைக்கும், எச்சரிக்கை என்பது வாயால் சொல்லப்பட்டு வந்தது. ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெற வந்த ஒரு கேடட்டின் தொப்பி கோணலாக இருந்தால், "தொப்பி கோணல்" என்பார்கள். அவன் நேராக்கிக்கொள்வான். காரியம் அத்தோடு முடிந்துவிடும். காரியங்கள் இப்படி அத்தோடு முடிந்துபோவது ஓர் அலுவலகத்துக்கு எவ்வளவு ஆபத்து என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை.

உறைக்க வைத்த பெருமை ரஞ்சனியைச் சேரும். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு வாக்கியம் நொண்டியது. அதை நிமிர்த்தினாள். அவ்வளவுதான்.

ரஞ்சனிக்கு இருபத்திரண்டு வயது. காஞ்சிபுரத்தில் பி.ஏ. வரலாறு படித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்து, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிற டைப்பிஸ்ட். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரகடம் வரை போய்விட்டு, ஒன்றரை மைல் திரும்பி நடந்து வந்தாள். முகாம் வாசலில் இறங்க வேண்டுமென்றால் கண்டக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேர் காதுபட "இங்கே நிறுத்துங்க" என்று சொல்வதைவிட ஒன்றரை மைல் நடப்பது சுலபமாகத் தெரிந்தது. கிருத்திகையன்று வல்லக்கோட்டை கோயிலில் பஸ் காலியாகிவிடும். அன்றைக்கு மட்டும், காலி பஸ்ஸில், தைரியமாகச் சொல்லி வாசலிலேயே இறங்குவாள்.

ஆபீசில் டீ கொண்டு வருகிறவள் வடக்குப்பட்டு கிளியம்மாள். அவள் டீயில் பாயசத்துக்குப் போடுகிற அளவு சர்க்கரை போடுவாள். ரஞ்சனிக்குச் சர்க்கரை ஆகாது. அதைச் சொல்லலாம் என்று முதல் வாரம் நினைத்தாள். ஒரு வாரம் பேசாமல் குடித்துவிட்டு இப்போது சொன்னால், ஏன் ஒரு வாரம் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று இரண்டாம் வாரம் நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள்.

பேசத்தான் வராது. எழுதினால் கதை வேறு. கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் மூன்று வருஷமும் முதல் பரிசு அவளுக்குத்தான்.

சேர்ந்த மூன்றாம் நாள் ஹெட் கிளார்க் கிறிஸ்துதாஸ் அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். முகாமின் தலைவர் கர்னல் புருஷோத்தமன் சொல்லச் சொல்ல எழுதிய சுற்றறிக்கை. முகாமில் ஒரு கேடட்டுக்கு மூன்று எச்சரிக்கை சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன பேட்சில் அப்படி அனுப்பப்பட்ட ஒருவன், முதல் இரண்டு எச்சரிக்கையும் தன் காதில் விழவே இல்லை என்று மேலே மனுப் போட்டிருந்தான். எனவே, "இனி எச்சரிக்கைகள் மூன்று பிரதிகளில் எழுத்தில் இருக்க வேண்டும்" என்று முடிந்தது சுற்றறிக்கை.

ரஞ்சனி அதை இரண்டு தடவை படித்தாள். விஷயம் சரி. ஆனால் முடிவு சொத்தென்று விழுந்தது. கடைசியில் ஒரு தட்டுத் தட்டாமல் அவளுக்குக் கை நிற்காது. ஒரு வாக்கியம் சேர்த்தாள்: "அவ்வாறன்றி எவரும், எவருக்கும், எச்சூழ்நிலையிலும், எவ்வித எச்சரிக்கையும் அளிக்கலாகாது."

சுற்றறிக்கை ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆங்கிலத்தில் இன்னும் பயங்கரமாக இருந்தது.

கர்னல் தினமும் நாலு மணிக்குக் கையெழுத்துப் போடுவார். ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டே போடுவார். கிறிஸ்துதாஸ் தாளைப் புரட்ட, கர்னல் பேனாவை இறக்க, நாற்பது கையெழுத்து ஆறு நிமிஷத்தில் முடியும். அன்றைக்கும் முடிந்தது. ரஞ்சனியின் வாக்கியம் சட்டமாயிற்று.

விதிப் புத்தகத்தின்படி முதல் எச்சரிக்கைக்குப் பெயர் வாய்மொழி எச்சரிக்கை. இனி அதையும் மூன்று பிரதிகளில் டைப் செய்ய வேண்டும். ஒன்று கேடட்டுக்கு, ஒன்று ஃபைலுக்கு.

"மூணாவது எதுக்கு சார்?" என்று ரஞ்சனி கேட்டாள். அவர் மட்டுமே அறையில் இருந்ததால் கேட்க முடிந்தது.

"முதல் ரெண்டும் தொலைஞ்சுபோச்சுன்னா?" என்றார் கிறிஸ்துதாஸ்.

எச்சரிக்கை டைப் ஆகி, சரிபார்க்கப்பட்டு, கையெழுத்தாகி, பதிவேட்டில் ஏறி, எண்பது தப்படி தூரத்தில் கேடட்கள் தங்கியிருந்த பாரக்ஸுக்குப் போய்ச்சேரப் பதினோரு நாள் ஆயிற்று. ஒரு கேடட்டின் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருப்பதைப் பயிற்சியாளர் பார்ப்பார். எதுவும் பேசாமல் நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். கேடட் ஓடுவான், கயிறு தடுக்கி விழுவான், எழுந்து கட்டிக்கொள்வான். பதினோராம் நாள் "தங்கள் பூட்ஸ் கயிறு அவிழ்ந்துள்ளது. உடனே கட்டவும்" என்று காகிதம் வரும். உடனே என்று இருப்பதால், கட்டியிருக்கிற கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டி, கட்டியாயிற்று என்று மூன்று பிரதிகளில் பதில் எழுதுவான்.

ரஞ்சனி எழுதிய எச்சரிக்கைகள் முகாமில் பெயர் வாங்கின. பித்தான் ஒன்று தளர்ந்திருந்ததற்கு, "இத்தளர்வு ஒரு பித்தானோடு நின்றுவிடும் என்று நம்புவதற்கு வரலாற்றில் சான்றில்லை" என்று எழுதியிருந்தாள். அந்தக் கேடட் இரண்டு நாள் சாப்பிடவில்லை. காகிதத்தின் மூலையில் டைப் அடித்தவரின் அடையாளமாக 'ஆர்' என்று ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். இப்படியெல்லாம் எழுதுகிற 'ஆர்' பெரிய மீசை வைத்த ஒரு மேஜராகத்தான் இருக்க வேண்டும் என்று கேடட்கள் முடிவு செய்தார்கள். ஒருவன் ஆபீசுக்கு வந்து ரஞ்சனியிடமே, "மேடம், அந்த மேஜர் சார் ரூம் எது?" என்று கேட்டான். அது நான்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வராந்தாவின் கடைசியைக் காட்டினாள். அது ஸ்டோர் ரூம். அன்றிலிருந்து அந்த வழியாகப் போன கேடட்கள் எல்லோரும் பழைய வாளிகளுக்கும் துடைப்பங்களுக்கும் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள்.

ஆவணியில் கர்னல் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் விழாவுக்குப் போனார். அந்தப் பக்கம் அப்போது தொழிற்சாலைகளைவிடத் தொழிற்சாலைப் பலகைகள் அதிகம். இயந்திரம் வருவதற்கு முன்பே, சுவர் எழும்புவதற்கு முன்பே, "இன்றுடன் விபத்தின்றி இத்தனை நாட்கள்" என்று பலகை வந்துவிடும். கர்னலுக்கு அது பிடித்துப்போயிற்று. நமக்கும் ஒன்று வேண்டும், மைதானத்தில் எங்கே நின்றாலும் தெரிய வேண்டும், மேல் வரியில் விபத்தில்லாத நாட்கள், கீழ் வரியில் இதுவரை கொடுத்த எச்சரிக்கைகள் என்றார்.

பலகையின் கால் நடுவதற்கு ஆபீசுக்கும் வாசலுக்கும் நடுவில் ஐந்தடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டி முடித்த பிறகு, வாசல் சுவரிலேயே மாட்டிவிடலாம் என்று தோன்றியது. மாட்டினார்கள். "பள்ளம் மூடப்பட்டது" என்று ஒரு அறிக்கை தயாராகி, நாலு மணிக்குக் கையெழுத்தும் ஆயிற்று. மண்வெட்டிக்காரர்கள் மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனவர்கள், ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை கிடைத்து அங்கேயே இருந்துவிட்டார்கள்.

"இன்னா பாப்பா, பள்ளம் அப்டியே கீதே" என்றாள் கிளியம்மாள், டீயை வைத்துக்கொண்டே.

"மூடியாச்சுன்னு ரிப்போர்ட் போயிடுச்சுக்கா."

"ரிப்போர்ட்டு பூடுச்சா. அப்ப பள்ளமும் கூடவே பூடும்னு சொல்லு."

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று தினமும் காலையில் பலகையில் எண் எழுதுகிற வேலை ரஞ்சனிக்கு வந்தது.

அமலனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். மண்ணூரைச் சேர்ந்தவன். அப்பா ஒரு தொழிற்சாலையில் லைனில் நிற்கிறவர். அந்த ஊரிலிருந்து அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வான முதல் ஆள் என்று சர்ச்சில் அவனுக்காகத் தனிப் பூசை வைத்து, ஊரே மாலை போட்டு அனுப்பியிருந்தது. அவனுடைய முதல் எச்சரிக்கை பெல்ட் பக்கிள் மங்கியிருந்ததற்கு. பதினோரு நாள் கழித்து அதை வாங்கியபோது, "அன்னைக்கே சொல்லியிருந்தா தேய்ச்சிருப்பேனே சார்" என்றான். இரண்டாவது எச்சரிக்கை அப்படிச் சொன்னதற்கு.

புரட்டாசியில் ஒரு காலை. பலகையில் 41 நாட்கள் என்று ரஞ்சனி எழுதிவிட்டு வந்திருந்தாள். கேடட்கள் அணிவகுத்து நின்றார்கள். கர்னல் பலகையைப் பார்த்தார். அழகாக இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இன்னும் அழகாக இருக்கும் என்று பின்னோக்கி ஒரு அடி வைத்தார். இன்னும் அழகாக இருந்தது. இன்னொரு அடி வைத்தார்.

அவருக்குப் பின்னால் பன்னிரண்டு அடியில் பள்ளம்.

நூறு பேர் பார்த்தார்கள். ஒருவரும் பேசவில்லை. இரண்டு பயிற்சியாளர்கள் நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். வராந்தாவில் நின்ற கிறிஸ்துதாஸ் மெல்ல, "ரஞ்சனி, படிவம் இருக்காம்மா?" என்றார். ரஞ்சனி உள்ளே ஓடினாள். மேஜையில் படிவம் இருந்தது. கார்பன்தான் தீர்ந்திருந்தது.

கர்னல் அடிமேல் அடி வைத்துப் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தபோது, அணியிலிருந்து அமலனின் குரல் கேட்டது. "சார், நில்லுங்க, பின்னாடி பள்ளம்."

கர்னல் நின்றார். அவருடைய குதிகால் மட்டும் அந்தரத்தில் இருந்தது. திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தார், பிறகு அமலனைப் பார்த்தார். அப்படியே அறைக்குப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் இரண்டு பயிற்சியாளர்களின் குறிப்புகளும் ரஞ்சனியின் மேஜைக்கு வந்துவிட்டன. கேடட் அமலன், அணியில் நிற்கும்போது, மேலதிகாரிக்கு, எழுத்தில் இல்லாத, பிரதிகள் இல்லாத வாய்மொழி எச்சரிக்கை அளித்தார். எவரும், எவருக்கும், எச்சூழ்நிலையிலும் என்ற விதி மீறப்பட்டது. மூன்றாவது எச்சரிக்கை. வீட்டுக்கு அனுப்ப ஆவன செய்க.

சாயங்காலம் அமலன் ஆபீசுக்கு வந்தான்.

"மேடம், மேஜர் சாரைப் பார்க்கணும். ஸ்டோர் ரூம் கதவைத் தட்டினேன், பதில் இல்லை."

"இன்னைக்கு… லீவு."

"கடுதாசி அவர்தானே எழுதுவாரு. கொஞ்சம் சொல்றீங்களா? எங்க ஊரு ரெண்டு பஸ் தூரம்தான் மேடம். அதான் கஷ்டம். டில்லி, பம்பாய்ப் பசங்களை அனுப்பினா ரயில்ல ரெண்டு நாள் போவாங்க, வீட்டுக்குப் போறதுக்குள்ள என்ன சொல்லலாம்னு யோசிச்சுக்கலாம். நான் முக்கால் மணியில போய் நிப்பேன். போட்ட மாலைகூட இன்னும் ஆணியில தொங்குது."

ரஞ்சனி தலையை ஆட்டினாள். அவன் போனபின் மெஷினில் தாளைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தாள். எவரும், எவருக்கும். அந்த இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் வருவது காதுக்கு நன்றாக இருந்தது என்றுதான் போட்டாள். காதுக்கு நன்றாக இருந்ததற்காக ஒருவன் மண்ணூருக்குத் திரும்பிப் போகப் போகிறான்.

விதியை எடுத்துவிடுங்கள் என்று கர்னலிடம் போய்ச் சொல்லலாம். அதற்குக் கர்னலிடம் பேச வேண்டும். ரஞ்சனி வேறு வழி யோசித்தாள். யோசித்து, கிறிஸ்துதாஸின் மேஜைக்கு எழுந்து போனாள்.

"சார், அவன் செஞ்ச தப்பு என்ன? எச்சரிக்கை கொடுத்தது இல்ல. மூணு பிரதி இல்லாம கொடுத்தது."

"ஆமா."

"பிரதியை இப்போ போட்டுட்டா?"

கிறிஸ்துதாஸ் கண்ணாடியைக் கழற்றினார். அந்த ஆபீசில் ரஞ்சனி பேசியதிலேயே நீளமான பேச்சு அது. "பெறுபவர் கையெழுத்து வேணுமேம்மா."

"நாலு மணிக்கு சார்."

படிவம் தயாராயிற்று. அளிப்பவர்: கேடட் அமலன். பெறுபவர்: கர்னல் புருஷோத்தமன். வகை: வாய்மொழி. காரணம் என்ற இடத்தில்தான் சிக்கல். பள்ளம் மூடப்பட்டுவிட்டது என்று கர்னலே கையெழுத்திட்ட அறிக்கை ஃபைலில் இருந்தது. ரஞ்சனி யோசித்து, "ஏற்கெனவே மூடப்பட்டுவிட்ட பள்ளத்தில் விழ இருந்தமை" என்று அடித்தாள். மறுநாள் நாலு மணிக்கு, சமையல் கேஸ் விண்ணப்பத்துக்கும் காலுறை கோரிக்கைக்கும் நடுவில், கர்னல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே தன் எச்சரிக்கையைப் பெற்றுக்கொண்டார். அமலனின் குற்றம் மறைந்தது. முறைப்படி கொடுக்கப்பட்ட எச்சரிக்கைக்காக யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

அன்றிரவு ரஞ்சனிக்குத் தன்னைப் பற்றி ரொம்பப் பெருமையாக இருந்தது. அவளுக்குப் பெருமை வந்தால் பின்னாலேயே ஏதோ வரும். இந்தத் தடவை பதினோரு நாள் கழித்து வந்தது.

பெறுபவர் பிரதி கர்னலின் மேஜைக்குப் போய்ச்சேர்ந்தது. கூப்பிட்டு அனுப்பினார். கிறிஸ்துதாஸ் முன்னால் போக, ரஞ்சனி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"இது என் கையெழுத்தா?"

"ஆமா சார்" என்றார் கிறிஸ்துதாஸ்.

"நான் எதையும் படிக்காம கையெழுத்துப் போடறதில்லை."

"இல்ல சார்."

"அப்போ இதையும் படிச்சுட்டுத்தான் போட்டிருக்கேன்."

"ஆமா சார்."

கர்னல் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஏன் போட்டேன்?"

கிறிஸ்துதாஸ் ஒரு அடி விலகினார். முதுகு விலகியதும் ரஞ்சனி வெளிச்சத்துக்கு வந்துவிட்டாள். ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"மு… முன்மாதிரியா இருக்கட்டும்னு சார்."

கர்னலின் முகம் மெதுவாக மலர்ந்தது. "அதேதான்" என்றார். "விதி எல்லாருக்கும் ஒண்ணு. எனக்கும்தான். இதை ஹெட்குவார்ட்டர்ஸுக்கு அனுப்புங்க."

அனுப்பினார்கள். பாராட்டு வந்தது. தலைவரே முறைப்படி எச்சரிக்கை பெற்றுக்கொண்ட ஒரே முகாம் இது என்றும், இவ்விதியை மேலும் உறுதியாக அமல்படுத்த வேண்டுமென்றும் எழுதியிருந்தார்கள். கர்னல் புதிய உத்தரவு ஒன்று தயாரிக்கச் சொன்னார். சிவிலியன்கள், பால்காரர், டீக்கார அம்மாள் உட்பட யாருக்கும் விலக்கு இருக்கக் கூடாது. அவசரம் என்று யாரும் சாக்குச் சொல்லக் கூடாது.

இந்தத் தடவை கூடுதலாக எதையும் எழுத வேண்டாம் என்றுதான் ரஞ்சனி உட்கார்ந்தாள். தாள் வெள்ளையாக இருந்தது. "அவசரம் என்பது விதிவிலக்கு அன்று, முன்கூட்டியே விண்ணப்பிக்கத் தவறியதற்கு மறுபெயர்" என்று வந்து விழுந்தது. இரண்டு நாள் அந்த வாக்கியத்தை நினைத்து நினைத்து சந்தோஷப்பட்டாள். அதை முகாம் முழுக்க மனப்பாடம் செய்யச் சொன்னார்கள் என்று கேட்டபோதுகூட முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கர்னலுக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டுக் கிளியம்மாள் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு வேப்பங்கொம்பை நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தாள். புதிய உத்தரவின்படி அது பிரதிகள் இல்லாத எச்சரிக்கை. தவிர, இல்லாத பள்ளத்தைக் காட்டுகிற கொம்பு பொய்த்தகவல். அகற்றும்படி ரஞ்சனி டைப் செய்தாள். கிறிஸ்துதாஸ் கிளியம்மாளுக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினார்.

"நீயா எய்துனே பாப்பா?" என்றாள் கிளியம்மாள்.

"கர்னல் சார் உத்தரவுக்கா."

"அவரு இவ்ளோ அயகா பேச மாட்டாரே."

கொம்பைப் பிடுங்கி அடுப்பில் வைத்து, அன்றைய டீயைப் போட்டாள்.

தீபாவளி கழிந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் பெய்தது. மைதானம் முழுக்க ஒரே தண்ணீர். எது தரை, எது பள்ளம் என்று தெரியவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம், பலகையில் 88 என்று இருந்த நாள், ரஞ்சனி குடையை விரித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். ஐந்தே காலுக்கு பஸ். பழக்கதோஷத்தில் கண் சிவப்புத் துணியைத் தேடியது. காணவில்லை. சரி, பள்ளம் இந்தப் பக்கம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பாதி வழியில் ஏதோ உறுத்தியது. முகாம் நிசப்தமாக இருந்தது. தலையைத் தூக்கினாள். வராந்தாவில் கிறிஸ்துதாஸ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் டீக்கெட்டிலோடு கிளியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பயிற்சியாளர்கள் பார்த்தார்கள்; நோட்டைத் திறந்திருந்தார்கள். வாசலோரம் ஒரு அணி நின்றது. முதல் ஆளாக அமலன் நின்றான். அவன் வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

நூறு பேர் தன்னையே பார்க்கிறார்கள். ரஞ்சனிக்கு உயிர் போயிற்று. புடவையில் சேறா, தலையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா, நடக்கிற விதம் வேடிக்கையாக இருக்கிறதா? ஒன்றும் புரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தாள். குடையை முகத்துக்கு நேராக இறக்கிக்கொண்டு, வேகமாக நடந்தாள்.

மூடப்பட்ட பள்ளத்தில் கழுத்தளவு தண்ணீர் இருந்தது.

குடை மிதந்தது. அமலன்தான் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கினான். தூக்குவதற்குப் படிவம் தேவையில்லை. அதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

"பார்த்தேன் மேடம்" என்றான். "கத்தத்தான் வந்தேன். அப்புறம் மேஜர் சார் எழுதினது ஞாபகம் வந்துச்சு. அவசரம் என்பது விதிவிலக்கு அன்று, முன்கூட்டியே…" முழு வாக்கியத்தையும் சொன்னான். ஒரு சொல் பிசகவில்லை. "எனக்கு ரெண்டு எச்சரிக்கை இருக்கு மேடம். மேஜர் சாருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரு?"

அந்த மேஜர் உன் முன்னால் வாயில் சேற்றோடு நிற்கிறாள் என்று சொல்ல ரஞ்சனி ஆசைப்பட்டாள்.

"ஒண்ணும் சொல்லமாட்டார்" என்றாள்.

புரட்டாசியில் கத்தியவன் கார்த்திகை பிறப்பதற்குள் வாயை மூடக் கற்றிருந்தான். அந்த பேட்சில் அடிப்படைப் பயிற்சியை முதலில் முடித்தவன் அவன்தான் என்று பயிற்சியாளர்கள் அன்றே நோட்டில் குறித்தார்கள்.

மறுநாள் ரஞ்சனி கணுக்காலில் கட்டோடு வந்தாள். பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்று, 'விபத்தின்றி' என்ற சொல்லைப் பார்த்தாள். கிறிஸ்துதாஸிடம் போய், "சார், ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணுமா?" என்றாள்.

"எதுக்கு?"

"நேத்து நான் விழுந்தேனே."

"எதுலம்மா?"

"பள்ளத்துல."

கிறிஸ்துதாஸ் ஃபைலைத் திறந்து அறிக்கையைக் காட்டினார். "மூடின பள்ளத்துல யாரும்மா விழ முடியும்?" அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே வருத்தமாகத்தான் கேட்டார். ரஞ்சனி திரும்பப் போய் 89 என்று எழுதினாள்.

பதினோராம் நாள் காலை பலகையில் 99. மறுநாள் நூறாவது நாள் விழா, லட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. ரஞ்சனியின் மேஜைக்கு இரண்டு பயிற்சியாளர்களின் குறிப்பு வந்தது. டைப்பிஸ்ட் ரஞ்சனிக்கு வாய்மொழி எச்சரிக்கை, மூன்று பிரதிகளில்: "தாங்கள் பள்ளத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறீர்கள். உடனே நிற்கவும்." டைப் செய்ய வேண்டியவளும் அவளே, வாங்கிக்கொள்ள வேண்டியவளும் அவளே.

அவள் எழுந்து, ஒரு கணம் அசையாமல் நின்றாள். உடனே என்று இருந்தது. பிறகு உட்கார்ந்து டைப் செய்து படித்துப் பார்த்தாள். விஷயம் சரி. முடிவுதான் கொஞ்சம் நொண்டியது. கை சும்மா இருக்கவில்லை. "நின்றதை நடந்தவர் உறுதி செய்க" என்று சேர்த்தாள். இப்போது நன்றாக இருந்தது. பெறுபவர் இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கிளியம்மாள் டீயோடு வந்தாள். ரஞ்சனி ஒரு வாய் குடித்தாள். நாலு மாதமாகச் சொல்லாததெல்லாம் தொண்டைக்கு வந்தது. பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகு இதற்குமேல் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

"அக்கா, டீயில சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி" என்றாள்.

கிளியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமில்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்தபோது கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

"வாயால சொன்னா எப்டி பாப்பா? எய்திக் குடு, மூணு பேப்பர்ல. பதினோரு நாள் கயிச்சி கம்மி பண்ணிக்கலாம்."

அவள் போய்விட்டாள். ரஞ்சனி மிச்ச டீயைக் குடித்து முடித்தாள். பிறகு மூன்று தாள்களுக்கு நடுவே கார்பனை வைத்து, தட்டி நேராக்கி, மெஷினில் செருகினாள்.